பள்ளி மறுபடி நீண்ட நாள் மூடினால் பிள்ளைகளின் நட்பு அறுபடாமல் இருக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?

எச்எம்_வடாற்காடு:

வணக்கம். எங்களுடையது கிராமப்புற அரசு உயர்நிலைப் பள்ளி. 6 முதல் 10 வரை ஏறக்குறைய 180 பிள்ளைகள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேரிடர் காலத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறோம். தொற்றோ வெள்ளமோ, எதனால் பள்ளி மாதக்கணக்கில் மூடினாலும் கைக்கு உதவ வேண்டும். பாடத்துக்குக் கல்வித் தொலைக்காட்சியும் பணித்தாளும் என்று எழுதிவிட்டோம். சத்துணவுக்குப் பதில் அரிசி, பருப்பு, முட்டை வழங்குவதையும் எழுதிவிட்டோம். கொரோனா காலத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் இழந்தார்களே, அதற்கு மட்டும் திட்டத்தில் ஒரு வரி கூட இல்லை.

"வாட்ஸ்அப் குரூப் போட்டால் போதும் சார்" என்கிறார்கள் சிலர். 2020-இல் எல்லா வகுப்புக்கும்தான் குரூப் இருந்தது. அதில் ஆசிரியர் அனுப்பிய பிடிஎஃப்பும் பெற்றோர் போட்ட குட்மார்னிங்கும் தவிர வேறு என்ன வந்தது?

செலவு அதிகம் இல்லாத, பட்டன் போன் வீட்டுப் பிள்ளையையும் விட்டுவிடாத வழி வேண்டும். பள்ளி திறக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மனநலப்பணி_மதுரை:

சார், எது அறுந்தது என்பதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் ஏற்பாடு தானாகத் தெளிவாகும்.

உயிர்த்தோழன், உயிர்த்தோழி என்று பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அந்த உறவு ஊரடங்கை ஓரளவு தாங்கிவிட்டது. அப்பா போனையோ அக்கா போனையோ வாங்கி எப்படியாவது பேசிக்கொண்டார்கள். அறுந்துபோனது அதற்கு அடுத்த வட்டம். பக்கத்து பெஞ்ச், ஒரே பஸ்ஸில் ஏறுபவர், தண்ணீர்க் குழாயடியில் பார்க்கிறவர், கபடி டீமில் ஆறாவது ஏழாவது ஆள். இவர்களுக்கு யாரும் போன் போடமாட்டார்கள். போட்டாலும் என்ன பேசுவது என்று தெரியாது. தினம் எதேச்சையாகக் கண்ணில் படுவதால் மட்டுமே நிற்கிற பழக்கம் அது. பள்ளியும் பஸ்ஸும் மைதானமும் ஒரே நாளில் நின்றதும் அந்த எதேச்சை நின்றுபோனது.

இந்த வட்டத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 11 முதல் 15 வயதில் நட்பு மாறிக்கொண்டே இருக்கும். நெருங்கிய தோழியுடன் சண்டை வந்தால் பிள்ளை போய் உட்கார்வது இந்த வட்டத்தில்தான். புதுத் தோழி கிடைப்பதும் இங்கிருந்துதான். இது காலியாக இருக்கும்போது ஒரே ஒரு சண்டை வந்தால் கூட அந்தப் பிள்ளைக்கு வெளியுலகமே இல்லாமல் போகும். பள்ளி நடக்கும் நாளில் இன்று முறைத்துக்கொண்டவர்கள் நாளைக் காலை ப்ரேயரில் பக்கத்துப் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். நாலு நாளில் பேச்சு வந்துவிடும். போனில் சண்டை வந்தால் பிளாக் செய்வதோடு சரி. சமாதானம் ஆவதற்கான இடமே கிடையாது. சமாதானம் ஆகிற பழக்கம் உருவாகும் வயதில் பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சி கிடைக்காமல் போனது என்பதை நான் பெரிய இழப்பாகவே பார்க்கிறேன்.

நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். 10, 12 வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்று திறந்தன. 9, 11 பிப்ரவரி 8 அன்று. மார்ச் 22 முதல் 9, 10, 11 மறுபடி மூடல். செப்டம்பர் 1 முதல் 9–12. ஆனால் 6, 7, 8 பிள்ளைகளுக்கு 2020 மார்ச் நடுவில் மூடிய கதவு திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. பத்தொன்பதரை மாதம்! 6-ஆம் வகுப்பில் முழுப் பரீட்சை எழுதாமல் பிரிந்தவர்கள் 8-ஆம் வகுப்பில்தான் மறுபடி முகம் பார்த்தார்கள். அதையும் விடக் கொடுமை, அந்த ஆண்டு 5-ஆம் வகுப்பு முடித்து உயர்நிலைப் பள்ளிக்கு மாறியவர்கள் நிலைமை. பழைய பள்ளி நண்பர்கள் சிதறிவிட்டார்கள், புது வகுப்பில் ஒருவர் முகமும் தெரியாது. சேர்ந்தது 6-இல், வகுப்பறைக்குள் உட்கார்ந்தது 7-இல். உங்கள் திட்டத்தில் முதல் கவனம் 6-ஆம் வகுப்புக்கு இருக்க வேண்டும் சார்.

எப்போது ஆரம்பிப்பது என்று கேட்டால், மூடிய முதல் வாரமே. 2020-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பிள்ளைகளின் தனிமை பற்றிய 63 ஆய்வுகளை, 50,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவை ஒன்றாகப் பார்த்தது. தனிமை எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை விட எவ்வளவு நாள் நீடித்தது என்பதே பிற்பாடு வருகிற மனச்சோர்வோடு அதிகம் ஒட்டியிருந்தது. "நிலைமை மோசமானால் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவது ஏன் தவறு என்பதற்கு இதை விட வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

இன்னொன்றையும் திட்டத்தில் எழுதுங்கள். பள்ளியில் மற்ற பிள்ளைகளின் கேலிக்கும் அடிக்கும் ஆளான சிலருக்கு ஊரடங்கு நிம்மதியாக இருந்தது. அவர்களுக்குத் திறப்பு நாள்தான் கஷ்டம். எல்லோரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.


கணக்கு_டீச்சர்_தஞ்சை:

மதுரை மேடம் சொன்னதையே ஏற்பாடாக மாற்றினால், அது நால்வர் குழு. 40 பேர் குரூப்பில் எல்லோரும் பார்வையாளர்கள். இருவர் குழுவில் ஒருவர் வராவிட்டால் அன்றைக்கு எதுவும் நடக்காது. ஐந்துக்கு மேல் போனால் நிச்சயம் ஒருவர் "உம்" கொட்டிக்கொண்டே இருப்பார். நாலில் ஒருவர் வராவிட்டாலும் மூன்று பேர் மிச்சம்.

குழுவைப் பிள்ளைகளே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டால் கடைசியில் யாரும் சேர்க்காத ஐந்தாறு பேர் மிஞ்சி அவர்களே ஒரு குழுவாவார்கள். அது அவர்களுக்கு முத்திரை குத்தியதாகிவிடும். ஆசிரியர்தான் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தானாகப் பேசுகிற ஒருவர், அதே தெருவிலோ அதே காலனியிலோ இருக்கிற ஒருவர், அவ்வளவாகப் பழகாத ஒருவர். இந்த மூன்றாவது ஆள்தான் மேடம் சொன்ன அந்த வெளி வட்டம். ஆண், பெண் குழுக்களைப் போன் பேச்சுக்கு மட்டும் தனித்தனியாக வையுங்கள். கலந்து போட்டால் பல வீடுகளில் பெண் பிள்ளைக்குப் போனே கிடைக்காது. சரியா தப்பா என்று வாதாடும் நேரம் அது இல்லை.

நேரம் வாரம் இரண்டு முறை, 20 நிமிடம், மாலை 7-இலிருந்து 8-க்குள். வேலைக்குப் போனவர் போனோடு வீடு திரும்பும் நேரம் அதுதான். காலை 10 மணிக்கு வைத்தால் போன் சித்தாள் வேலை நடக்கிற இடத்தில் இருக்கும்.

"பேசுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டால் மூன்றாவது வாரம் படுத்துவிடும். "சாப்டியா, சாப்ட்டேன்" என்பதற்கு மேல் போகாது. கையில் வேலை கொடுக்க வேண்டும். அதுவும் நாலு பேரும் வாய் திறந்தால் மட்டுமே முடிகிற வேலையாக. உதாரணத்துக்கு ஒரு துண்டுச்சீட்டுப் புதிர். ஓர் இரண்டு இலக்க எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு சீட்டு.

முதல் சீட்டு: எண் 50-க்கு மேல்.
இரண்டாவது: இரட்டைப்படை எண்.
மூன்றாவது: இலக்கங்களைக் கூட்டினால் 12.
நான்காவது: இரண்டு இலக்கமும் ஒன்றல்ல.

விடை 84. நாலில் எந்தச் சீட்டை எடுத்துவிட்டாலும் விடை ஒன்றாக நிற்காது. முதல் சீட்டு வராவிட்டால் 48-ம் பொருந்தும், நான்காவது வராவிட்டால் 66-ம் பொருந்தும். வகுப்பில் நன்றாகப் படிக்கிறவர் தனியாகப் போட்டு முடிக்க முடியாது, வாயே திறக்காத பிள்ளையிடமும் "உன் சீட்டுல என்ன இருக்கு?" என்று கேட்டே ஆக வேண்டும். இதில் கணக்கை விட அந்தக் கேள்விதான் முக்கியம். சமூக அறிவியலில் ஒரு வரைபடத்தை நாலாக வெட்டிக் கொடுக்கலாம், தமிழில் ஒரு கதையின் நாலு பத்திகளைக் கலைத்துக் கொடுக்கலாம். பணித்தாளும் அரிசியும் வாங்க வரும் நாளில் சீட்டையும் கொடுத்துவிடுங்கள். வாரம் இரண்டு என்றால் மாதத்துக்கு எட்டுத் துண்டு. ஒரு ஏ4 தாளில் அடங்கிவிடும்.

ஆசிரியர் அந்தப் போன் பேச்சில் சேரக் கூடாது. சேர்ந்த நிமிடமே அது வகுப்பாகிவிடும். உங்கள் கணக்குக்கு 180 பேர், 45 குழு. ஒரு வகுப்பாசிரியருக்கு ஒன்பது குழு. வாரம் ஒருமுறை குழுவுக்கு ஒருவரை அழைத்து இரண்டே கேள்வி: "எத்தனை பேர் வந்தீங்க? யார் வரலை?" குழுவுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு முறை தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு அதே தெருவில் இருக்கும் குழு நண்பர் வாசலோடு போய் விசாரிக்கட்டும். ஆசிரியர் எடுத்த எடுப்பில் அப்பாவுக்குப் போன் போட்டால் பிள்ளைக்குத் திட்டு விழும், அடுத்த வாரமும் வராது. போகிற அளவுக்கு வெளியே நடமாட அனுமதி இல்லாத நாட்களில் மட்டும் ஆசிரியர் பேசலாம்.

போன் போடுகிற பொறுப்பு வாரம் ஒருவருக்கு மாற வேண்டும். ஒருவரிடமே இருந்தால் அவர் தலைவர் ஆகிவிடுவார், அவருக்குப் பிடிக்காதவர் மெல்லக் கழன்றுவிடுவார்.


தன்னார்வலர்_செஞ்சி:

போன் விஷயத்தில் சில நடைமுறைகள்.

2021-இல், கல்வி நிலை பற்றி ஆய்வு நடத்தும் ஏசர் அமைப்பு நாடு முழுக்கக் கிராமங்களில் எடுத்த கணக்கில் பள்ளி செல்லும் பிள்ளைகளின் வீடுகளில் 67.6 சதவீதத்தில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் போன் இருந்த வீடுகளிலேயே நாலில் ஒரு பிள்ளைக்கு அதைத் தொடக் கிடைக்கவில்லை. ஆகவே "வீட்டில் போன் இருக்கிறதா" என்று படிவத்தில் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. கேட்க வேண்டியவை: போன் யாருடையது, எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும், யார் யாருக்குள் பங்கு. அண்ணன் காலேஜ் ஆன்லைன் வகுப்பு, தம்பி பாடம் என்று போனால் நடுவில் பிறந்த பெண் பிள்ளைக்குத்தான் முறை வருவதில்லை.

பட்டன் போனே போதும். முதல் நண்பரை அழைத்து, அவர் எடுத்ததும் ஆப்ஷனில் போய்ப் புதிய அழைப்பு, இரண்டாமவர் எடுத்ததும் கான்பரன்ஸ் அல்லது மெர்ஜ். மூன்றாமவருக்கும் அப்படியே. எல்லோரையும் இணைக்க இரண்டு நிமிடம் பிடிக்கும். அழைப்பவர் போனில் அன்லிமிடெட் பேக் இருந்தால் செலவு இல்லை. பார்க்க வேண்டியது, எதிர்முனையில் வேலிடிட்டி முடிந்து கொஞ்ச நாள் ஆகிவிட்டால் இன்கமிங்கும் நின்றுவிடும். "போன் ஸ்விட்ச் ஆஃப்" என்று பள்ளி குறித்துக்கொண்ட பிள்ளைகளில் பலருக்கு உண்மைக் காரணம் இதுதான். பள்ளி மேலாண்மைக் குழு நிதியிலோ ஊர்க்காரர் உதவியிலோ ரீசார்ஜ் செய்துகொடுக்கப் பத்துப் பதினைந்து எண்களைக் கைவசம் வைத்திருங்கள்.

வீடியோ வேண்டாம். ஒரு மணி நேர வீடியோ வகுப்பே அரை ஜிபிக்கு மேல் தின்றுவிடும். தினம் ஒன்றரை ஜிபி போடுகிற வீட்டில் இரண்டு பிள்ளைகள் வகுப்பு பார்த்தால் மாலைக்குள் டேட்டா முடிந்துவிடும். அதோடு வீட்டைக் காட்டக் கூச்சப்படுகிற பிள்ளைகள் உண்டு. ஒரே அறை வீடு, பின்னால் அம்மா சமைப்பது தெரியும், அப்பா படுத்திருப்பார். குரல் மட்டும் என்றால் அந்தக் கூச்சம் இல்லை.

பெண் பிள்ளைகளின் எண்களை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தால் எண் எல்லோருக்கும் தெரியும். சேர்த்த அன்றிரவே "ஹாய்" வரும், மறுநாள் வீட்டில் போனைப் பிடுங்கிவிடுவார்கள். நால்வர் குழு என்றால் மூன்று வீட்டுக்கு மட்டும் தெரிந்தால் போதும். அந்த மூன்று வீட்டுப் பெற்றோரிடமும் முன்கூட்டியே ஒருமுறை பேசிவிடுங்கள்.

போனே இல்லாத வீட்டுக்கு அஞ்சலட்டை. 50 பைசா. 36 பேர் வகுப்பில் ஆளுக்கு இரண்டு என்றாலும் 36 ரூபாய். முகவரியைப் பள்ளியிலேயே எழுதவைத்துத் தயாராக வைத்துவிட்டால் மூடும் நாளில் கையில் கொடுத்து அனுப்பலாம். பின்கோடு தெரியாத பிள்ளைகள் நிறையப் பேர், அதையும் முன்பே எழுதவையுங்கள். போக்குவரத்து முடங்கிய முதல் வாரங்களில் தபால் தாமதமாகும், அதற்குப் பிறகு சரியாகிவிடும்.

கூடலாம் என்று அனுமதி வந்த பிறகு இல்லம் தேடிக் கல்வி மாதிரி ஏற்பாடுதான் சிறந்தது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் அது தொடங்கியது. மாலை 5 முதல் 7-க்குள், தெருவுக்குள்ளேயே, ஒரு தன்னார்வலருக்கு ஏறக்குறைய 20 பிள்ளைகள். கற்றல் இடைவெளிக்காக வந்த திட்டம் என்றாலும், முடங்கிக் கிடந்த பிள்ளைகள் மறுபடி ஒன்றாக உட்கார்ந்தது அந்தத் திண்ணைகளில்தான்.


கேமர்_அப்பா_கோவை:

இவ்வளவு தேவையா என்று தோன்றுகிறது. பையன்கள் பப்ஜியிலும் ஃப்ரீ ஃபயரிலும் ராத்திரி பூராவும் ஹெட்செட்டில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். நட்பு நன்றாகவே ஓடியது. நாம் திட்டியதுதான் மிச்சம்.


மனநலப்பணி_மதுரை:

கோவை சார், நீங்கள் சொல்வதில் பாதியை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். அந்த விளையாட்டுகளில் ஸ்க்வாட் என்றால் நாலு பேர். குறிப்பிட்ட நேரம், கையில் ஒரு பொது வேலை, ஒருவர் வராவிட்டால் "எங்கடா?" என்று தேடுவது. தஞ்சை டீச்சர் சொல்லும் அமைப்பு அங்கே தானாக இருந்தது. லூடோ கிங் அந்த நாட்களில் அவ்வளவு பரவியதும் இதனால்தான், அதிலும் நாலு பேர். மணிக்கணக்கை மட்டும் பார்த்து அதைக் கெட்டது என்று ஒதுக்கியது சரியில்லை.

மறுபாதி இது. ஓரளவு ராம் (நினைவகம்) உள்ள போன் வேண்டும், அது இல்லாத பையன் வெளியே. பெண் பிள்ளைகள் ஏறக்குறைய முழுதாக வெளியே. ஸ்க்வாடில் ஆள் குறைந்தால் முகம் தெரியாத ஒருவர் உள்ளே வருவார், அவருக்கு என்ன வயது என்று யாருக்கும் தெரியாது. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி தடையாகி, அக்டோபர் 30 அன்று முழுதாக நின்றபோது இன்னொரு ஓட்டை தெரிந்தது. ஆட்டத்தில் வைத்த பெயர்தான் தெரியும், போன் எண் தெரியாது என்று பல பையன்கள் ஒரே நாளில் கூட்டாளிகளைத் தொலைத்தார்கள். நட்பு அடுத்தவர் செயலிக்குள் இருந்தால் செயலி போகும்போது கூடவே போய்விடும்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது: "எத்தனை மணி நேரம் ஆடுற?" என்பதற்கு முன் "யார் யார் கூட ஆடுற, அவங்க நம்பர் இருக்கா?" என்று கேளுங்கள். தெரிந்த நாலு பேர் என்றால் நேரத்தை மட்டும் வரையறுங்கள், இரவு 9-க்கு மேல் வேண்டாம் என்பது போல. முழுதாகப் பிடுங்கினால் அந்தப் பிள்ளைக்கு மிச்சமிருந்த ஒரே வாசலையும் நாமே சாத்தியதாகும்.


எச்எம்_வடாற்காடு:

மிக்க நன்றி. நால்வர் குழுவைத் திட்டத்தில் அப்படியே சேர்த்துவிட்டேன். இரண்டு சந்தேகம். ஒன்று, புதிதாக வரும் 6-ஆம் வகுப்பு. எங்களுக்குச் சுற்றுவட்டாரத்தில் ஐந்தாறு தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள், ஒருவரையொருவர் தெரியாது. இரண்டாவது, திறக்கும்போது வகுப்பைப் பாதியாகப் பிரித்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொல்வார்கள். வருகைப் பதிவேட்டு வரிசையில் பிரித்துவிடலாமா?


வகுப்பாசிரியை_சேலம்:

வரிசை எண்படி மட்டும் பிரித்துவிடாதீர்கள் சார்! 2021 செப்டம்பரில் வகுப்பறைக்கு 20 பேர் என்ற விதி வந்தபோது பல இடங்களில் 1 முதல் 20 ஒரு நாள், 21 முதல் 40 மறுநாள் என்று பிரித்தார்கள். பதிவேட்டில் முதலில் வரும் அபிநயாவும் கடைசியில் வரும் யாழினியும் நெருங்கிய தோழிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி திறந்தும் அவர்கள் பார்த்துக்கொள்ளவே மாட்டார்கள். பல மாதம் காத்திருந்து வந்த பிள்ளை, தன் ஆள் இல்லாத வகுப்பில் உட்காரும். நாலு நாள் பார்த்துவிட்டு "வயிறு வலிக்குது" என்று நின்றுவிடும்.

பிரிப்பதற்கு மூன்று பெயர்ச் சீட்டு எடுங்கள். ஆளுக்கு ஒரு துண்டுத்தாள். மேலே தன் பெயர், கீழே "யார் பக்கத்தில் உட்கார ஆசை?" என்று மூன்று பெயர். "யாரைப் பிடிக்காது" என்று ஒருபோதும் கேட்காதீர்கள், கேட்டால் அதுவே வகுப்பில் பேச்சாகிவிடும். எழுதும்போது இடம்விட்டு உட்காரவைத்து, மடித்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு பெரிய தாளில் பெயர்களை வட்டமாக எழுதி, யார் யாரைச் சொன்னார்களோ அவர்களுக்கு அம்புக்குறி போடுங்கள். 36 பேர் வகுப்புக்கு ஒரு மாலைப் பொழுது வேலை.

அந்தத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது, ஒரு அம்பும் வந்து சேராத பெயர்கள். அநேகமாக ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருப்பார்கள். பிறகு ஒருவரையொருவர் சொன்ன ஜோடிகளைப் பென்சிலால் வட்டமிட்டு, ஜோடி உடையாமல் இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தான் சொன்ன மூவரில் ஒருவராவது தன் அணியில் இருக்க வேண்டும். யாரும் சொல்லாத பிள்ளையை, அவர் யார் பெயரை எழுதியிருக்கிறாரோ அவர்களில் சாந்தமான ஒருவர் பக்கத்தில் வையுங்கள். பஸ் தடத்தையும் சேர்த்துப் பாருங்கள், ஒரே ஊர்ப் பெண் பிள்ளைகள் வேறு வேறு நாளில் வந்தால் தனியாக அனுப்ப வீட்டில் தயங்குவார்கள்.

அந்தத் தாளை ஸ்டாஃப் ரூம் மேசையில் போட்டுவிடக் கூடாது. வேறு ஆசிரியர் பார்த்து "உன்னை யாருமே எழுதலையாமே" என்று விளையாட்டாகச் சொன்னால் கூட அந்தப் பிள்ளை அதை வருடக்கணக்கில் சுமக்கும். பிரித்து முடித்ததும் சீட்டுகளைக் கிழித்துவிடுங்கள்.

6-ஆம் வகுப்புக்கு: ஒரே தொடக்கப் பள்ளியிலிருந்து வந்த இருவர், வேறொரு பள்ளியிலிருந்து வந்த இருவர் என்று நால்வர் குழு. நாலு பேரும் நாலு பள்ளி என்றால் பேச்சே எழாது, நாலு பேரும் ஒரே பள்ளி என்றால் புதியவரைத் தெரிந்துகொள்ளமாட்டார்கள். மே மாதச் சேர்க்கையின்போதே தொடக்கப் பள்ளி ஆசிரியரிடம் "இவளுக்கு அங்கே யார் தோழி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு விண்ணப்பத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

திறந்த முதல் இரண்டு வாரம் தேர்வு வைக்காதீர்கள். விட்ட பாடத்தைப் பிடிக்கும் அவசரத்தில் இன்டர்வெல்லையும் விளையாட்டு பீரியடையும்தான் முதலில் வெட்டுவார்கள். அந்த இரண்டு வாரம் மட்டுமாவது இன்டர்வெல்லை 10 நிமிடத்திலிருந்து 20 ஆக்குங்கள். வகுப்பில் பாடம் நின்றுவிடாது.


பிஇடி_நெல்லை:

மைதானத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று வந்தேன். திறந்த வெளியில் காற்று வழியே தொற்று பரவுவது மூடிய அறையை விட மிகக் குறைவு. ஆனாலும் 2020-இல் மைதானத்துக்கும் பூங்காவுக்கும் பல மாதம் பூட்டு. அடுத்த முறை அனுமதி வந்த உடனே வகுப்பறைக்கு முன் மைதானத்தைத் திறக்கும்படி உங்கள் திட்டத்தில் எழுதிவையுங்கள்.

போனில் பேசுகிற அதே நாலு பேரே மைதானத்திலும் ஒரு குழு. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மூன்று வீட்டுக்குச் சொன்னால் போதும். நாலு பேருக்கு ஏற்றது நீளக் கயிறு ஸ்கிப்பிங்: இருவர் சுழற்ற, இருவர் குதிக்க, பிறகு மாற வேண்டும். கயிறு நாலரை முதல் ஐந்து மீட்டர், 8 அல்லது 10 மில்லிமீட்டர் பருத்திக் கயிறு. மெல்லிய நைலான் வாங்கினால் காற்றில் பறக்கும், தரையில் படாது, காலில் பட்டால் சுரீர் என்று அடிக்கும். ரிங் பால் இரட்டையர் ஆட்டமும் நாலு பேருக்குச் சரி. எதிரெதிரே நிற்பதால் இடைவெளி தானாக வரும். கபடி கடைசியில் வரட்டும், மூச்சு முகத்தில் படுகிற ஆட்டம் அது.

பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள், காலை 7 முதல் 7.40 என்பது போல. பொது நேரம் என்று விட்டால் பத்தே நாளில் மைதானம் கிரிக்கெட் பையன்கள் கைக்குப் போய்விடும்.


மனநலப்பணி_மதுரை:

சேலம் டீச்சர் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். யார் தனித்துப் போகிறார் என்று கண்டுபிடிக்க மூன்று கேள்வி உண்டு. உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சிறு அளவுகோல். கூடப் பேச, பழக ஆள் இல்லை என்று தோன்றுகிறதா? மற்றவர்கள் உன்னை விட்டுவிட்டார்கள் என்று தோன்றுகிறதா? எல்லோரிடமிருந்தும் விலகித் தனியாக இருப்பதாகத் தோன்றுகிறதா? ஒவ்வொன்றுக்கும் அபூர்வமாக என்றால் 1, சில நேரம் என்றால் 2, அடிக்கடி என்றால் 3. கூட்டுத்தொகை 3 முதல் 9 வரை வரும். 6-ம் அதற்கு மேலும் வந்தால் அந்தப் பிள்ளையோடு தனியே உட்கார்ந்து பேசுங்கள். மாதம் ஒருமுறை போதும். வகுப்பில் கை தூக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது, தாளில் எழுதி வாங்குங்கள். மூடிய காலத்தில் போனில் கேட்பதானால் ஸ்பீக்கர் போடாமல் கேளுங்கள், பக்கத்தில் அப்பா இருந்தால் எல்லாப் பதிலும் 1 என்றுதான் வரும்.

இது நோயைக் கண்டறியும் கருவி இல்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, "இருந்து என்ன பண்ண" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் நண்பர் குழு போதாது, அன்றைக்கே மருத்துவ உதவி வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, நாள் முழுக்க இயங்கும், தமிழில் பேசலாம். மருத்துவ ஆலோசனைக்கான 104-ம் உண்டு. திடீரென்று வேலைக்கு அனுப்பிவிட்டார்கள், கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று நால்வர் குழுப் பிள்ளைகள் சொன்னால் குழந்தைகள் உதவி எண் 1098. இந்தச் செய்தியெல்லாம் நம் காதுக்கு வருவதற்கு முன் கூட்டாளிகள் காதுக்குத்தான் வரும். ஆகவே இந்த மூன்று எண்களையும் புதிர்ச் சீட்டின் பின்பக்கம் அச்சடித்துவிடுங்கள்.


எச்எம்_வடாற்காடு:

கடைசியாக ஒன்று. குழுப் பட்டியலை எப்போது தயாரிப்பது, யாரிடம் வைப்பது? மூடுகிற உத்தரவு வந்த பிறகு எடுக்க நேரம் இருக்காதே.


கணக்கு_டீச்சர்_தஞ்சை:

இருக்காது சார். 2020-இல் அறிவிப்பு வந்து ஓரிரு நாளில் பிள்ளைகள் போய்விட்டார்கள். ஜூலையில் ஒருமுறை எடுங்கள், அதற்குள் சேர்க்கை ஓய்ந்துவிடும். ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்ததும் மறுபடி. அரையாண்டில் நட்பும் மாறியிருக்கும், போன் எண்ணும் மாறியிருக்கும். எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் பதிவு) இருக்கும் எண்ணை நம்பாதீர்கள், அது 6-இல் சேரும்போது கொடுத்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

எண்களும் குழுவும் உள்ள தாள் இரண்டு பிரதி, ஒன்று உங்கள் பீரோவில், ஒன்று வகுப்பாசிரியர் வீட்டில். பள்ளியில் மட்டும் வைத்தால் வெள்ளத்தில் பள்ளிக்கே போக முடியாதபோது என்ன செய்வீர்கள்? பிள்ளை கையில் தன் குழுவின் மூன்று எண்கள் மட்டும், டைரியின் முதல் பக்கத்தில், பேனாவால். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வாரம் சும்மா ஒத்திகை பாருங்கள். எந்த எண் போகவில்லை, எந்த வீட்டில் 7 மணிக்குப் போன் இல்லை என்பது அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.